டாக்டர் கனகாவின் முதல் இருபது ஆண்டுகள்

சென்னை ஜி.எச். வார்டுகளில் உருவான பெண் மூளை அறுவை மருத்துவர். விருதுநகர் மாவட்டத்திலிருந்து டாக்டராகப் புறப்படும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய தொடக்க காலம் அவருடையது.

திருத்தங்கலிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் ராத்திரி நேரம் ஒருவர் பைக்கிலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலையில் அடி. எழுந்து உட்காருகிறார். பெயர் கேட்டால் சொல்கிறார். ‘ஒண்ணுமில்ல, லேசான அடிதான்’ என்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வாந்தி வருகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்துவிடுகிறது. காதுக்கு மேலே, மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டி ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறது. எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டி, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டியை நேரத்துக்கு எடுத்துவிட்டால் ஆள் பழையபடி வேலைக்குத் திரும்பிவிடலாம். தாமதமானால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

இன்று அவருக்கு ஒரு வழி இருக்கிறது. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ், சிவகாசி அரசு மருத்துவமனை, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, அதற்கும் மேலே மதுரைப் பெரியாஸ்பத்திரி. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும் 2021 டிசம்பரில் வந்துவிட்டது.

எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வழி கிடையாது. வண்டி இல்லை என்பது மட்டுமல்ல, கொண்டுபோய்ச் சேர்க்க இடமே இல்லை. மூளை அறுவைக்கென்று தனித்துறை இந்தியாவில் முதலில் தொடங்கியது 1949ல், வேலூர் சி.எம்.சி.யில். அதைத் தொடங்கியவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். அந்த வார்டில் வேலை கற்று, அங்கிருந்தே ஆராய்ச்சி செய்து, உலகம் திரும்பிப் பார்க்கும் இடத்துக்கு வந்தவர் டாக்டர் டி.எஸ்.கனகா.

ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர் என்று அவரைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். துருக்கியின் அய்சிமா அல்டினோக் 1959லேயே தகுதி பெற்றுவிட்டார் என்பதால், முதல் சிலரில் ஒருவர் என்று சொல்வது பொருத்தம். எத்தனையாவது இடம் என்பதைவிட, அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார் என்பதுதான் இன்றைய மாணவர்களுக்கு வேண்டிய செய்தி.

கப்பல் கட்டும் ஊரில் கற்றவர்

கனகாவின் கதைக்கு முன்னால் அவருடைய ஆசிரியரின் தொடக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 1922ல் சீர்காழியில் பிறந்த ராமமூர்த்தி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1947ல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தார். மூளை அறுவையைக் கற்க அவர் போய்ச் சேர்ந்த ஊர் இங்கிலாந்தின் நியூகாசில். நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் நிறைந்த தொழில் நகரம் அது. அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்த ரோபோதம், தலைக்காயங்களைப் பற்றி 1942லேயே பாடநூல் எழுதியவர். தொழிலாளிகளின் உடைந்த மண்டைகளைப் பார்த்துப் பார்த்து எழுதப்பட்ட அறிவு, ராமமூர்த்தி வழியாகச் சென்னைக்கு வந்தது.

இன்னொரு பாடம் கனடாவிலிருந்து வந்தது. மான்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்ட், நோயாளியை விழித்த நிலையிலேயே வைத்து மூளையைத் தொட்டு, எந்த இடம் எதை ஆள்கிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். சாண்டி அங்கே படித்தவர். ராமமூர்த்தியும் சில காலம் அங்கே இருந்து பார்த்தவர். அறுவை சிகிச்சை மேசையே ஆராய்ச்சி மேசையும் ஆகலாம் என்பதை இருவரும் அங்கே நேரில் கண்டார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கையில் இருந்த கருவிகள் கொஞ்சம்தான். சி.டி. ஸ்கேன் என்ற பேச்சே இல்லை. உலகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது எடுக்கப்பட்டதே 1971 அக்டோபரில், லண்டனில். அதுவரை டார்ச் லைட்டும் முழங்காலைத் தட்டும் சுத்தியலும்தான் முதல் பரிசோதனை. கட்டி எங்கே என்று பார்க்க, மண்டையில் துளையிட்டு மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அல்லது கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்திப் படம் பிடிப்பார்கள். படத்தில் ஒரு குழாய் இடம் மாறித் தெரிந்தால், பக்கத்தில் ஏதோ தள்ளுகிறது என்று ஊகிக்க வேண்டும்.

1951ல் ராமமூர்த்தி, சாண்டி, நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங், எஸ்.டி.நரசிம்மன் என நால்வர் கூடி, இந்திய நரம்பியல் சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார்கள். மொத்த நாட்டுக்கும் சேர்த்து இந்தத் துறையில் விரல்விட்டு எண்ணும்படி சிலரே இருந்த காலத்தில், ஆளுக்கொரு மூலையில் கண்டதைப் பகிர்ந்துகொள்ள ஒரு மேடை கிடைத்தது.

1954 முதல் 1968 வரை

கனகா 1932 மார்ச் 31ல் சென்னையில் பிறந்தார். சந்தானகிருஷ்ணன் – பத்மாவதி தம்பதியின் எட்டுப் பிள்ளைகளில் ஒருவர். தந்தை கல்வித்துறை அதிகாரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர். முதலில் ஆன்மிகப் படிப்பில்தான் கனகாவுக்கு நாட்டம். பிறகே மருத்துவத்துக்கு வந்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி. ஆனால் பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்ற எண்ணம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மாறவில்லை. கத்தி பிடிக்கும் துறைகளில் பெண்கள் அபூர்வம். மூளை அறுவையிலோ உலக அளவிலேயே ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். ருமேனியாவில் சோஃபியா இயோனெஸ்கு 1944ல், குண்டு மழைக்கு நடுவே, ஆள் பற்றாக்குறையால் முதல் மூளை அறுவையைச் செய்தார். இங்கிலாந்தில் டயானா பெக் பேர் வாங்கியிருந்தார்.

கனகா எம்.பி.பி.எஸ். முடித்தது 1954 டிசம்பர். பொது அறுவையில் எம்.எஸ். பட்டம் பெற்றது 1963 மார்ச். நடுவில் எட்டு ஆண்டுகளுக்கும் மேல். மூளை அறுவையில் எம்.எஸ். பெற்றது 1968 மார்ச். இன்னும் ஐந்து ஆண்டுகள். மருத்துவர் ஆனதிலிருந்து நியூரோ சர்ஜன் என்று பலகை மாட்டிக்கொள்ளும் தகுதி வரை 13 ஆண்டுகளுக்கும் மேல். அப்போது அவருக்கு 36 வயது நிறையப்போகிறது.

இந்த ஆண்டுகளில் அவர் ஒதுங்கியிருக்கவில்லை. அறுவைப் பிரிவிலேயே பணியாற்றினார். 1962ல் சீனப் போர் மூண்டபோது ராணுவத்தில் கமிஷன் பெற்ற அதிகாரியாக 1963 வரை சேவை செய்தார். எம்.எஸ். பட்டம் வந்ததும் அதே காலத்தில்தான். வாழ்நாள் முழுவதும் ரத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார். 2004 வரை 139 முறை ரத்ததானம் செய்ததற்காக லிம்கா சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. தலையில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ரத்தம் எவ்வளவு அவசரம் என்பதை அன்றாடம் பார்த்த மருத்துவர் அவர்.

ஒரு மில்லிமீட்டர் வேலை

ராமமூர்த்தியின் பிரிவில் வி.பாலசுப்பிரமணியம், எஸ்.கல்யாணராமன், கனகா என ஒரு குழு அமைந்தது. அந்தக் குழு கையில் எடுத்தது ‘ஸ்டீரியோடாக்டிக்’ அறுவை. மூளையைப் பெரிதாகத் திறக்காமல், ஒரு சிறு துளை வழியாக ஊசி போன்ற மின்முனையை இறக்கி, உள்ளே ஆழத்தில் இருக்கும் குறிப்பிட்ட புள்ளியைத் தொடும் முறை அது. மனிதர்களுக்கு இந்த முறையை அமெரிக்காவில் ஸ்பீகலும் வைசிஸும் 1947ல் பயன்படுத்திக் காட்டியிருந்தார்கள்.

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் ஒருவருக்கு அந்தக் காலத்தில் இது எப்படி நடக்கும்? நோயாளி விழித்திருப்பார். தலையில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, உலோக வளையத்தை மண்டையோட்டில் திருகுகளால் இறுக்குவார்கள். துளை போட்டு, மூளையின் உள்ளறையில் காற்றைச் செலுத்தி, முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் தெரியும் இரண்டு அடையாளப் புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டு, அங்கிருந்து எவ்வளவு முன்னே, எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று மூன்று எண்களைக் கணக்கிடுவார்கள். அளவுகோலும் பென்சிலும் வைத்துக் கையால் போடும் கணக்கு. பிறகு மின்முனை இறங்கும்.

சரியான இடத்துக்கு வந்ததா என்று நோயாளிதான் சொல்ல வேண்டும். லேசாக மின்சாரம் கொடுத்ததும், ‘கையை நீட்டுங்கள், விரலை மடக்குங்கள், ஒன்று இரண்டு எண்ணுங்கள்’ என்பார்கள். விரல் மரத்துப்போனால் இடம் தவறியிருக்கலாம். பேச்சு தடுமாறினால் உடனே நிறுத்த வேண்டும். நடுக்கம் சட்டென்று நின்றால், அந்த இடத்தைச் சூடாக்கி ஒரு சிறு வடுவை உண்டாக்குவார்கள். ஆண்டுக்கணக்கில் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாதவரின் கை, மேசையிலேயே அசையாமல் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கை கால் விளங்காமல் போகலாம். இந்த வேலையில் தேர்ந்தவராகக் கனகா உருவானார்.

வார்டிலிருந்து பிஎச்.டி.

எம்.எஸ். முடித்த பிறகும் அவர் படிப்பை விடவில்லை. செரிப்ரல் பால்சி என்கிற மூளை வாதத்தை ஆராய்ந்து 1972ல் பிஎச்.டி. பெற்றார். பிறக்கும்போதோ அதற்கு முன்பின்னோ மூளை பாதிக்கப்பட்டு, கை கால் விறைத்தோ தானாக முறுக்கிக்கொண்டோ வளரும் குழந்தைகளின் நோய் அது. இந்தக் குழந்தைகளை இடுப்பில் சுமந்துகொண்டு கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலையும் தாய்மாரை இன்றைக்கும் நம் ஊர்களில் பார்க்கலாம். விறைப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் குழந்தைக்கு உடை மாற்றலாம், உட்கார வைக்கலாம், வாயில் ஊட்டலாம். ஆழத்தில் இருக்கும் எந்தப் புள்ளியைத் தொட்டால் எந்தக் குழந்தைக்கு எவ்வளவு பலன் என்பதே சென்னைக் குழுவின் தேடல்.

இந்த ஆராய்ச்சிக்குத் தனிக் கட்டடமோ பெரிய நிதியோ அடிப்படை அல்ல. கேஸ் ஷீட்தான் அடிப்படை. அறுவைக்கு முன்னால் குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன செய்தது, ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். பஸ் காசுக்கு வழியில்லாமல் திரும்ப வராதவர்களும் உண்டு என்பது அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அதையும் தாண்டிக் குறிப்புகளைச் சேர்த்து, வெளிநாட்டு இதழ்களில் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரைகளில் பாலசுப்பிரமணியம், ராமமூர்த்தி பெயர்களோடு கனகாவின் பெயரும் இருக்கிறது. வளரும் மருத்துவருக்கு உரிய இடத்தை மூத்தவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து வேலைகளில் எல்லாமே நிலைக்கவில்லை. கட்டுக்கடங்காத துறுதுறுப்பும் மூர்க்கமும் உள்ள குழந்தைகளுக்கும், போதைக்கு அடிமையானவர்களுக்கும் மூளையில் அறுவை செய்து பார்த்த காலம் அது. உலகின் பல நாடுகளில் அப்படி நடந்தது, சென்னையிலும் நடந்தது. ஒருவருடைய குணத்தை மாற்றக் கத்தி வைக்கலாமா, சம்மதம் சொல்ல முடியாத குழந்தைக்குச் செய்யலாமா என்ற கேள்விகள் எழுந்தன. நல்ல மருந்துகளும் வந்தன. அந்த வகை அறுவைகள் பெருமளவு கைவிடப்பட்டன. இன்று 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டப்படி, நோயாளியின் சம்மதமும் உரிய மனநல வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் மனநோய்க்காக மூளை அறுவை செய்ய முடியாது. ஆராய்ச்சிக்கு வரும் இளம் மருத்துவர் இந்தப் பக்கத்தையும் படித்துவிட்டு வருவது அவசியம்.

பார்க்கின்சன் அறுவையின் வரலாறு வேறு மாதிரி போயிற்று. 1960களின் கடைசியில் லெவோடோபா மருந்து வந்ததும் அறுவைகள் குறைந்தன. மருந்தின் பலன் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்ததும், மூளை ஆழத்தின் மீது மறுபடி கவனம் திரும்பியது. திசுவை எரிப்பதற்குப் பதிலாக, மின்முனையை உள்ளேயே பதித்து வைத்து மின்சாரத்தால் தூண்டலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இந்தியாவில் மின்முனையை மூளைக்குள் நிரந்தரமாகப் பதிக்கும் முதல் அறுவையை 1975ல் செய்தவர் கனகா. பிரான்சின் கிரெனோபிளில் பெனபித், மூளையின் ஆழத்தை இப்படித் தூண்டும் இன்றைய ‘டி.பி.எஸ்.’ சிகிச்சைக்கு வழிதிறந்தது 1987ல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே சென்னையில் ஒரு தமிழ்ப் பெண் அந்த வேலையைத் தொட்டிருந்தார். இப்படிப்பட்ட கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று உயிர்மருத்துவப் பொறியாளர்களோடும் சேர்ந்து உழைத்தார்.

எம்.பி.பி.எஸ். முடித்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் இந்த இடம்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள்

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ல் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 இடங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தரும் சட்டம் 2020ல் வந்தது. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அச்சகத்திலும் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இப்போது மருத்துவக் கல்லூரி பஸ்சில் போய் வரும் தூரத்தில் இருக்கிறது.

அவர்களில் ஒருவர் நியூரோ சர்ஜன் ஆக நினைத்தால் வழி நீளம்தான். ஹவுஸ் சர்ஜன் காலம் உட்பட எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. பொது அறுவையில் எம்.எஸ். மூன்றாண்டு. பிறகு நுழைவுத்தேர்வு எழுதி எம்.சி.எச். மூன்றாண்டு. சில நிறுவனங்களில் எம்.பி.பி.எஸ். முடித்ததும் ஆறாண்டு நேரடிப் படிப்பும் உண்டு. ஒரு தடவைகூடத் தவறாமல் போனாலும் முடிக்கும்போது முப்பதைத் தொட்டுவிடும். வீட்டில் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு இது சாதாரண காலமல்ல. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு உயர்சிறப்புப் படிப்பில் 50 சதவீத இடம் ஒதுக்கும் தமிழக அரசின் முடிவு, 2022ல் உச்ச நீதிமன்றத்திலும் நின்றது. சம்பளத்தோடு வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு இருக்கும் பெரிய வாசல் அதுதான்.

ஆராய்ச்சி செய்ய வெளிநாடு போக வேண்டும் என்பதும் கட்டாயமல்ல. கேள்விகள் இங்கேயே கிடக்கின்றன. பட்டாசு ஆலை விபத்து என்றால் முதலில் கண்ணில் படுவது தீக்காயம். 2012 செப்டம்பர் 5ல் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட முதலிப்பட்டி விபத்தை இந்தப் பகுதி மறக்கவில்லை. வெடியில் தூக்கி எறியப்பட்டவருக்கும், இடிந்த சுவர் மேலே விழுந்தவருக்கும் தலைக்காயமும் சேரும். வெடி அலையே மூளையைப் பாதிக்குமா என்ற கேள்வியை, முதல் உலகப் போரிலிருந்து இராக் போர் வரை ராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். காயம் வெளியே தெரியாமல் தப்பியவருக்குப் பின்னாளில் மறதி, தூக்கமின்மை, தலைவலி, எரிச்சல் வருகிறதா என்று ஆலைத் தொழிலாளிகளிடம் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு எழுதுவதற்கு, சிவகாசி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

சாதாரண வார்டுக் குறிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2004ல் வெளியான ‘கிராஷ்’ ஆய்வே சாட்சி. தலைக்காயம் பட்டவருக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் வழக்கமாக இருந்தது. 49 நாடுகளின் 239 மருத்துவமனைகள் சேர்ந்து 10,008 நோயாளிகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று நினைத்துக் கொடுத்த மருந்து உயிர்களைக் குடித்திருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறிய படிவத்தை நிரப்பி, இரண்டு வாரம் கழித்து ஆள் எப்படி இருக்கிறார் என்று எழுதி அனுப்பியதால் தெரியவந்த உண்மை இது. அதை நிரப்பியவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவர்கள்.

கனகா 1990ல் அறுவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு பெற்றோர் பெயரில் அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றைச் சொந்தப் பணத்தில் தொடங்கி, இல்லாதவர்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். 2018 நவம்பர் 14ல் காலமானார். அவர் கற்ற பிரிவு இன்றும் சென்னையில் நரம்பியல் நிறுவனமாக இயங்குகிறது.

விருதுநகர் கல்லூரியில் 2022ல் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் வரும் ஆண்டுகளில் ஹவுஸ் சர்ஜன்களாக ராத்திரி டூட்டி பார்க்கப்போகிறார்கள். சாத்தூரிலிருந்தும் வெம்பக்கோட்டையிலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் தலையில் அடிபட்டு வருகிறவர்களை முதலில் தொடப்போவது அவர்கள்தான். அடிபட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம், ஹெல்மெட் இருந்ததா, ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாரா என்ற ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதும் ஒரு தலைக்காயப் பதிவேட்டை மாவட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இப்போதே தொடங்கலாம். அதற்கு வேண்டியது ஒரு கணினி, ஒரு பொறுப்பாளர், ஆறு மாதம் கழித்து நோயாளியைக் கூப்பிட ஒரு தொலைபேசி. மாவட்ட நிர்வாகமும் கல்லூரியும் மனது வைத்தால், இந்த மாவட்டத்தின் முதல் மூளை அறுவை ஆராய்ச்சியாளர் தன் முதல் கட்டுரைக்கான விவரங்களை எம்.பி.பி.எஸ். முடிக்கும்போதே கையில் வைத்திருப்பார்.